பிரித்துப் பூட்டிய பழைய மடிக்கணினி ஏன் விழிக்கவில்லை?

மாணவர்களே, வீட்டில் அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய மடிக்கணினி கிடக்கும். அப்பா முதல் வேலையில் வாங்கியதாக இருக்கலாம். மாமா விட்டுச் சென்றதாக இருக்கலாம். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, மின்விசிறி மட்டும் அரிசி ஆலை போல இரைந்தது. தூசி தட்டலாம் என்று நீங்கள் அதைப் பிரித்தீர்கள். சுத்தம் செய்தீர்கள். திரும்பப் பூட்டினீர்கள். பொத்தானை அழுத்தினால் ஒன்றும் இல்லை. கருந்திரை.

இந்த இடத்தில் பலர் செய்வது இரண்டு. ஒன்று, பொத்தானை இருபது முறை அழுத்துவது. மற்றொன்று, "போர்டு போய்விட்டது" என்று முடிவு கட்டுவது. இரண்டுமே அவசரம். நேற்று வரை ஓடிய இயந்திரம் இன்று ஓடவில்லை. இடையில் நடந்தது நீங்கள் பிரித்ததும் பூட்டியதும் மட்டுமே. ஆகவே கோளாறு பெரும்பாலும் உங்கள் கை பட்ட இடங்களில்தான் இருக்கும். இது குற்றச்சாட்டு அல்ல, நல்ல செய்தி. தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது என்று பொருள்.

பொதுவாகப் பேசினால் மனத்தில் நிற்காது. அதனால் ஒரே ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம்: 2004-இல் ஐபிஎம் வெளியிட்ட திங்க்பேட் டி42. கறுப்புப் பெட்டி, விசைப்பலகையின் நடுவே சிவப்புக் குமிழ், உள்ளே இன்டெல் பென்டியம் எம் செயலி. பழைய கணினிகளைச் சேகரிப்போர் இன்றும் தேடி வாங்கும் மாடல் இது. பராமரிப்புக் கையேட்டை ஐபிஎம் வெளிப்படையாகவே வெளியிட்டது. எந்தத் திருகாணி எங்கே, அதன் நீளம் எத்தனை மில்லிமீட்டர் என்பது வரை அதில் இருக்கும். உங்களிடம் இருப்பது வேறு நிறுவனத்தின் கணினியானாலும் கீழே சொல்லும் வழி பொருந்தும்.

முதலில் வன்தட்டு

சரிபார்க்கத் தொடங்கும் முன்பே வன்தட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். டி42-இல் அது பக்கவாட்டில் ஒரே ஒரு திருகாணியோடு வெளியே வந்துவிடும். கணினியின் விலை இன்று அதிகமில்லை. ஆனால் அந்தத் தட்டில் தாத்தாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் இருந்தால், அவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இது பழைய ஐடிஇ வகைத் தட்டு; இப்போதுள்ள சாட்டா கம்பி இதில் செருகாது. ஐடிஇ தட்டை யூஎஸ்பி-யில் இணைக்கும் மாற்றி ஒன்று வாங்கி, வேறு கணினியில் பொருத்தி, உள்ளே இருப்பதை நகல் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு நிம்மதியாகச் சோதனை செய்யலாம். வன்தட்டு இல்லாமலும் கணினி விழித்து, தட்டைக் காணோம் என்று திரையில் சொல்லும் அளவுக்கு ஓடும். நமக்கு இப்போதைக்கு அது போதும்.

எட்டுக் கண்ணிகள், மூன்று கேள்விகள்

பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் எழுத்து வருவதற்கும் இடையே ஒரு சங்கிலி இருக்கிறது. சுவர்ப் பிளக், அடாப்டர், தாய்ப்பலகையின் மின்சுற்று, தொடக்கப் பொத்தான், செயலியும் பயாஸும், ரேம், திரைச் சுற்று, வன்தட்டு என்று எட்டுக் கண்ணிகளாக அதைப் பிரித்துக்கொள்ளலாம். முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்தால் எட்டுச் சோதனை வரை ஆகலாம். நடுவில் வெட்டிச் சோதித்தால் மூன்று போதும். எட்டைப் பாதியாக்கினால் நான்கு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. 2-இன் 3-ஆம் அடுக்கு 8 என்று கணிதத்தில் படித்தது இங்கே நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

நடுவில் வெட்டும் கேள்வி எளிது: பொத்தானை அழுத்தியதும் எங்காவது விளக்கு எரிகிறதா, மின்விசிறி அசைகிறதா? எரிந்தால் முதல் நான்கு கண்ணிகளும் அநேகமாக நலம். எரியாவிட்டால் பின் நான்கைப் பற்றி இப்போது கவலையே வேண்டாம். ரேமைக் கழற்றி மாட்டுவது, திரைக் கம்பியை நோண்டுவது எல்லாம் வீண் வேலை, புதிய கோளாறுக்கும் வழி.

கையில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் செய்தது, வலப்பக்கம் நடந்தது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ரேமையும் மாற்றி, அடாப்டரையும் மாற்றி, கணினி ஓடிவிட்டால் எதனால் ஓடியது என்று உங்களுக்குத் தெரியாது. அறிவியல் கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறிலியாக வைப்பீர்களே, அதே ஒழுங்குதான் இங்கேயும்.

தொடும் முன்

அடாப்டரைப் பிடுங்கி, மின்கலத்தையும் கழற்றி, தொடக்கப் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மின்தேக்கிகளில் தேங்கியிருக்கும் மின்னூட்டம் வடிந்துவிடும். சில சமயம் கணினி விழிப்பதற்கு இதுவே போதுமானதாக இருக்கும், ஏனென்றால் மின் மேலாண்மைச் சில்லு குழம்பிய நிலையில் மாட்டிக்கொண்டிருந்தால் அது புதிதாகத் தொடங்கும்.

படிவம் 2 அறிவியலில் நிலைமின்னியல் படித்திருப்பீர்கள். நம் விரலிலிருந்து பாயும் பொறியை நாம் உணர்வதற்கே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சில்லுகள் சில நூறு வோல்ட்டிலேயே பாதிக்கப்படலாம். அதாவது, நீங்கள் எதையும் உணராமலேயே ஒரு சில்லைக் கெடுத்துவிட முடியும். நம் நாட்டின் ஈரக் காற்று இதில் நமக்கு நண்பன். ஆனால் குளிர்சாதன அறையில் கம்பளத்தின் மேல் உட்கார்ந்து வேலை செய்தால் அந்த நட்பு உதவாது. நிலத்தொடர்பு உள்ள உலோகத்தை அடிக்கடி தொடுங்கள். மூன்று முள் பிளக்கில் செருகிய மேசைக் கணினியின் உலோகப் பெட்டி அதற்கு ஏற்றது. சுவரில் சுவிட்சை அணைத்து வைத்தாலும் நில முள் இணைப்பில்தான் இருக்கும்.

செய்யக் கூடாதவை மூன்றே. அடாப்டரைப் பிளக்காதீர்கள், அதற்குள் 240 வோல்ட் வருகிறது. வீங்கிய மின்கலத்தைச் செருகாதீர்கள், குத்தாதீர்கள்; லித்தியம் அயன் மின்கலம் தீப்பிடிக்கும். திரையின் பின்னொளிக்கு மின்சாரம் தரும் நீளமான சிறு பலகையை, கணினி ஓடும்போது தொடாதீர்கள். அந்தக் காலத் திரைகளில் எல்இடி இல்லை, மெல்லிய ஒளிர்குழாய்தான். அதற்குப் பல நூறு வோல்ட் தேவைப்படுகிறது.

விளக்கே எரியவில்லை

அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள். டி42 கேட்பது 16 வோல்ட். 4.5 ஆம்பியர் அடாப்டரானால் பெருக்கிப் பாருங்கள், 72 வாட். அதற்குப் பின் வந்த டி60-க்கு 20 வோல்ட், முனையும் தடிமன். பல முனைகள் மாற்றிப் போடும் பொது அடாப்டர்கள்தான் ஆபத்து; முனை பொருந்துவதாலேயே மின்னழுத்தம் பொருந்திவிடாது. மல்டிமீட்டர் இருந்தால் முனையில் அளந்து பாருங்கள். 16-க்கு அருகில் காட்டினால் நல்லது, ஆனால் அது முழுச் சான்று அல்ல. சுமை இல்லாதபோது 16 காட்டும் நலிந்த அடாப்டர், கணினி மின்சாரம் இழுக்கத் தொடங்கியதும் சரிந்துவிடலாம். முடிந்தால் அதே வகை வேறு அடாப்டரைக் கொண்டு சோதியுங்கள்.

அடாப்டர் நலம் என்றால், மின்கலத்தையும் செருகிப் பாருங்கள். மின்கல விளக்கு ஏதாவது ஒரு நிறத்தில் எரிகிறதா, சிமிட்டுகிறதா? எந்த அசைவு இருந்தாலும் பலகைக்கு மின்சாரம் வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். மின்கலத்தைக் கழற்றிவிட்டு அடாப்டரை மட்டும் கொண்டும் ஒருமுறை அழுத்துங்கள். எல்லாக் கணினிகளும் இதில் ஒன்றுபோல நடப்பதில்லை. ஆப்பிள் 1989-இல் வெளியிட்ட மெக்கின்டாஷ் போர்ட்டபிளில் ஈய அமில மின்கலம் இருந்தது. அது செத்துவிட்டால், அடாப்டர் செருகியிருந்தாலும் கணினி தொடங்காது. மிகப் பழைய கணினி கையில் கிடைத்தால், கோளாறு தேடும் முன் அதன் பழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மின்சாரம் வருகிறது, பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லையா? பிரித்துப் பூட்டியபின் வரும் கோளாறுகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். பல பழைய மாடல்களில் தொடக்கப் பொத்தான் தாய்ப்பலகையில் இருப்பதில்லை. விசைப்பலகையோடு சேர்ந்தோ தனிச் சிறு பலகையிலோ இருந்து, ஒரு கம்பியோ நாடாவோ வழியாக இணைகிறது. அந்த இணைப்பு அரை மில்லிமீட்டர் சாய்ந்து உட்கார்ந்தாலும் நீங்கள் அழுத்துவது பலகைக்குக் கேட்காது. நாடாவைப் பிடிக்கும் சொருகியில் சிறு பூட்டு இருக்கும்; சிலவற்றில் அது மேலே தூக்கும் மடல், சிலவற்றில் பக்கவாட்டில் இழுக்கும் சட்டம். பூட்டைத் திறந்து, நாடாவை நேராக அடி வரை செருகி, பிறகு பூட்ட வேண்டும். பூட்டைத் திறக்காமல் தள்ளினால் உள்ளே போனது போலத் தோன்றும், தொடர்பு இருக்காது. நாடாவின் முனையில் உள்ள கோடு சொருகியின் விளிம்புக்கு இணையாக இருக்கிறதா என்று கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணைவிடக் கைபேசி நன்றாகக் காட்டும்.

அடுத்த சந்தேகம் திருகாணிகள். பிரித்தபோது இருந்த எண்ணிக்கை, பூட்டியபோது இருந்ததா? ஒன்று குறைந்தால் அது பலகைக்கு அடியில் உருண்டு கிடக்கலாம்; இரண்டு தடங்களை இணைத்துக் குறுக்குச் சுற்று உண்டாக்கலாம். பாதுகாப்புச் சுற்று உடனே மின்சாரத்தை நிறுத்திவிடும், நீங்கள் காண்பது செத்த கணினியை. கணினியை மெல்லச் சாய்த்துக் காது கொடுத்துக் கேளுங்கள். எதிர்மாறாக, ஒரு திருகாணி மீந்திருந்தால், குட்டையானது போக வேண்டிய துளையில் நீளமானது போயிருக்கக் கூடும். மூன்று மில்லிமீட்டர் துளையில் ஆறு மில்லிமீட்டர் ஆணியை முறுக்கினால் அது பலகையையே குத்தும். முறுக்கும்போது வழக்கத்துக்கு மாறாக இறுகினால் நிறுத்திவிட வேண்டும். அடுத்த முறை பிரிக்கும்போது ஒரு முட்டை அட்டையில் குழிக்கு ஒரு படி என்று திருகாணிகளைப் போட்டு வையுங்கள்.

விளக்கு எரிகிறது, திரை கறுப்பு

இதுதான் சுவையான பகுதி. மின்சாரம் இருக்கிறது, ஆனால் கணினி சிந்திக்கிறதா? சிந்திக்கிறது, நம்மால்தான் பார்க்க முடியவில்லை என்றும் இருக்கலாம்.

அறையை இருட்டாக்கி, திரையின் மேல் கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் கணினி நன்றாகவே ஓடுகிறது. பின்னொளி மட்டும் எரியவில்லை. திரை மூடியைப் பிரித்திருந்தால் பின்னொளிக் கம்பியைத் திரும்பச் செருகுங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் பழைய மேசைத் திரை ஒன்றை விஜிஏ துளையில் இணைத்து, எஃப்என் விசையோடு எஃப்7-ஐ அழுத்துங்கள். வெளித்திரையில் படம் வந்தால் கோளாறு திரைக் கம்பியில். அது கீலைச் சுற்றி வருவதால் பூட்டும்போது நசுங்குவது உண்டு.

இரண்டிலும் இருட்டு என்றால் ரேமுக்கு வாருங்கள். அடாப்டரையும் மின்கலத்தையும் கழற்றிய பிறகே இதைத் தொட வேண்டும். ரேம் துண்டைச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தினால் இருபுறமும் கொக்கிகள் 'டிக்' என்று பிடிக்கும். சாய்வாகச் செருகும்போது அடி வரை போகாமலே கீழே அழுத்தினால், கொக்கி பிடித்தும் தொடர்பு பிடிக்காமல் போகலாம். பொன்னிறத் தொடுமுனைகள் சமமாக மறைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். முனைகளை அழிப்பானால் தேய்ப்பது கடைகளில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை; தங்கப் பூச்சு மிக மெல்லியது, அழிப்பானோ உராய்பொருள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும். இரண்டு துண்டுகள் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு, பிறகு மற்றதை, பிறகு துளையை மாற்றி என்று நோட்டில் எழுதியபடியே சோதியுங்கள். புதிதாக ரேம் வாங்கிப் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: டி42-க்கு வேண்டியது முதல் தலைமுறை டிடிஆர். அதற்குப் பின் வந்த டிடிஆர்2 துண்டிலும் 200 முனைகள்தான், ஆனால் வெட்டு சற்றுத் தள்ளி இருக்கும்; மின்னழுத்தமும் 2.5-க்குப் பதில் 1.8 வோல்ட். உள்ளே போகாவிட்டால் அழுத்திப் பார்க்காதீர்கள்.

இனி ஒரு வேடிக்கையான சோதனை. ரேம் முழுவதையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். வேண்டுமென்றே ஒரு கோளாறை உண்டாக்குகிறோம். கணினி பீப் என்று புகார் செய்தால் மகிழுங்கள்: புகார் செய்யச் செயலி ஓட வேண்டும், பயாஸ் படிக்கப்பட வேண்டும், பலகையின் பெரும்பகுதி நலமாக இருக்க வேண்டும். கத்தினால் இவ்வளவும் உறுதியாகிறது. கத்தாவிட்டால் அந்த அளவுக்கு எதுவும் உறுதியாகாது. செயலி ஓடாமல் இருக்கலாம், அல்லது நீங்கள் ஒலிபெருக்கிக் கம்பியைச் செருக மறந்திருக்கலாம். அமைதியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

பீப் ஒலியும் ஒரு மொழிதான். ஐபிஎம் கையேட்டின்படி ஒன்று, மூன்று, மூன்று, ஒன்று என்று இடைவெளி விட்டு ஒலித்தால் ரேம் கோளாறு. ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் வந்து திரை இருண்டிருந்தால் தாய்ப்பலகை, திரை, ரேம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. திரையில் தேதி, நேரம் பற்றிய பிழைச் செய்தி வந்தால் கலங்காதீர்கள். நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது, தேதியும் நேரமும் அழிந்துவிட்டன என்பதே செய்தி. அது 3 வோல்ட் சிஆர்2032. டி42-இல் சிறு கம்பியோடு வரும்.

சில விநாடி ஓடி அணைந்துவிடுகிறது

மின்விசிறியைச் சுத்தம் செய்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். திரையில் 'ஃபேன் எரர்' என்று காட்டிவிட்டு அணைந்தால் விடை கையிலேயே இருக்கிறது, மின்விசிறிக் கம்பி செருகப்படவில்லை. எந்தச் செய்தியும் இல்லாமல் அணைந்தால் செயலியின் மேல் இருக்கும் செம்புத் தகட்டைச் சந்தேகியுங்கள்.

படிவம் 4 இயற்பியலில் தன்வெப்பக் கொள்ளளவு படிக்கிறீர்கள். அதை இங்கே பயன்படுத்துவோம். பென்டியம் எம் சில்லின் பரப்பு சுமார் 84 சதுர மில்லிமீட்டர், உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. தடிமன் 0.8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கனவளவு 67 கன மில்லிமீட்டர். சிலிக்கானின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.33 கிராம், ஆகவே நிறை ஏறத்தாழ 0.16 கிராம். ஒரு கிராம் சிலிக்கானை ஒரு டிகிரி சூடாக்க 0.7 ஜூல் வேண்டும். இந்தச் சில்லுக்கு 0.11 ஜூல் போதும். தொடக்கத்தில் அது 10 வாட், அதாவது விநாடிக்கு 10 ஜூல், செலவழிக்கிறது என்று கொள்வோம். வெப்பம் எங்கும் வெளியேறாவிட்டால் விநாடிக்கு சுமார் 90 டிகிரி செல்சியஸ் ஏறும்! உண்மையில் கொஞ்சம் வெப்பம் அடிப்பலகைக்கும் போகும் என்பதால் ஏற்றம் இதைவிட மெதுவாக இருக்கும். ஆனாலும் செம்புத் தகடு சில்லைத் தொடாமல் ஓர் இழையளவு தூக்கி நின்றால், கணினிக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். செயலிக்குள் இருக்கும் வெப்ப உணரி அபாய அளவைக் கண்டதும் மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. அணைந்தது கோளாறு அல்ல, தற்காப்பு.

தகட்டைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். அதன் மேலேயே மீண்டும் பூட்டக் கூடாது. இரண்டு பரப்புகளையும் ஆல்கஹாலால் துடைத்து, அரிசி மணியைவிடச் சற்றுச் சிறிய அளவு புதுப் பசை வையுங்கள். பசை அதிகமானால் குளிர்ச்சி அதிகமாகாது. அதன் வேலை இரு பரப்புகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய காற்றிடைவெளியை நிரப்புவது மட்டும்தான். பூட்டும்போது கவனம் தேவை. மேசைக் கணினிச் செயலிக்கு உலோக மூடி உண்டு. பென்டியம் எம்-க்கு அது இல்லை. வெறும் கண்ணாடி போன்ற சில்லு மேலேயே தெரியும். ஒரு பக்கத் திருகாணியை முழுதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் அதன் மூலை நொறுங்கும். குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றிலும் அரைச் சுற்று.

எல்லாம் செய்தும் இருட்டு

கழற்றக் கூடிய எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்: குறுந்தட்டு இயக்கி, கம்பியில்லா இணைப்பு அட்டை, மோடம் அட்டை, மின்கலம். செயலி, ஒரு ரேம் துண்டு, மின்விசிறி, அடாப்டர், வெளித்திரை மட்டும் மிஞ்சட்டும். இந்தக் குறைந்தபட்ச நிலையில் ஓடினால், ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எதைச் செருகியதும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

இதிலும் ஓடாவிட்டால், டி40 முதல் டி43 வரையிலான வரிசைக்கே உரிய ஒரு நோயைச் சொல்ல வேண்டும். வரைகலைச் சில்லு தாய்ப்பலகையில் கால்களால் நிற்பதில்லை, அடியில் உள்ள சின்னஞ்சிறு ஈய உருண்டைகளால் ஒட்டப்பட்டிருக்கிறது. கணினியை ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கித் தூக்கிப் பலகை வளைய, ஆண்டுகள் போகப் போக அந்த உருண்டைகளில் விரிசல் விழும். ஏற்கெனவே விளிம்பில் இருந்த ஒட்டு, நீங்கள் பிரித்துப் பூட்டிய அசைவில் விட்டுப்போயிருக்கலாம். மூலையைச் சற்று அழுத்தும்போது படம் வந்து, விட்டதும் மறைந்தால் சந்தேகம் வலுக்கிறது.

இதற்கு வீட்டு அடுப்பில் பலகையைச் சுடும் வைத்தியம் ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. செய்யாதீர்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரியில் உருகும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் சொருகிகள் உருக்குலையும், மின்தேக்கிகள் வெடிக்கலாம், கிளம்பும் புகை நாளை ரொட்டி சுடும் அடுப்பிலேயே படியும். இந்த ஒட்டைச் சரிசெய்ய அதற்கென்ற கருவி உள்ள பட்டறையில்தான் கேட்க வேண்டும். கொடுக்கும்போது உங்கள் நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்; எதை எல்லாம் சோதித்தாயிற்று என்று தெரிந்தால் அவர்கள் அடாப்டரிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பழுதுபார்ப்புக் கூலி கட்டுப்படியாகாது என்றால், ஓடாத இன்னொரு டி42-ஐத் தேடுங்கள். கோலாலம்பூர் லோ யாட் பிளாசா போன்ற இடங்களில் உள்ள பழைய பொருள் கடைகளில் விசாரித்துப் பார்க்கலாம். உங்களுடையதில் திரை நலம், அதில் பலகை நலம் என்று அமைந்தால் இரண்டு செத்த கணினிகளிலிருந்து ஒன்று எழுந்துவிடும். அதற்கும் பிரித்துப் பூட்டத்தான் வேண்டும். முட்டை அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.